அல்லி முளைத்த வலதுகைகள்

விக்டோரியா மகாராணிக்குத் தலை நரைத்துக்கொண்டிருந்த காலத்தில், கண்டல்பட்டினம் என்ற கடலோர ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை பத்திரிகையில் படம் வந்தது. சனிக்கிழமை பொழுது விடிந்தபோது, படத்தில் இருந்த பதினோரு ஆண்களின் வலது உள்ளங்கையிலும் ஒரு பெண்ணின் வலது உள்ளங்கையிலும் அல்லிப்பூ முளைத்திருந்தது. ஒட்டவும் இல்லை, கட்டவும் இல்லை, வேர் தோலுக்குள்ளே போயிருந்தது, தண்டு ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, நுனியில் வெள்ளைப் பூ. ஆண்கள் யார் யார் என்பது காலைப் பலகாரத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெண் யார் என்று தெரியச் செவ்வாய்க்கிழமை ஆனது, ஏனென்றால் அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தைச் செதுக்கியவர் வேதமாணிக்கம். ‘நையாண்டி மித்திரன்’ என்ற வாரப் பத்திரிகைக்கு மரக்கட்டையில் கேலிப்படம் செதுக்கிக் கொடுப்பது அவர் தொழில், சந்தேகப்படுவது அவர் சுபாவம். பால்காரி ஊற்றிய பாலை மோந்து பார்ப்பார், பாதிரியார் பிரசங்கத்தில் சொன்ன வசனத்தை வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பார், மனைவி மார்த்தாள் தும்மினால்கூட இப்போது எதற்குத் தும்மினாள் என்று யோசிப்பார். இருபது வருஷமாக மனுஷர் முகத்தைச் செதுக்குகிறேன், ஒரு முகத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கிற பொய் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நம்பியவர்களும் இருந்தார்கள்.

அவருடைய சந்தேகம் முழுவதும் அந்த வருஷம் சௌந்தரிய சபை மேல் இருந்தது. பாரிஸ்டர் சுந்தரவதனம் சீமைக்குப் போய்ச் சட்டம் படித்துவிட்டு, சட்டத்தை அங்கேயே வைத்துவிட்டு, ஒரு நீலப் பீங்கான் ஜாடியும் வெல்வெட் கால்சட்டையும் சோர்ந்த முகமும் கொண்டு திரும்பி வந்து, கடற்கரைப் பங்களாவில் ஆரம்பித்த சபை அது. உபயோகப்படுகிற பொருள் எதுவும் அழகாக இருக்க முடியாது, அழகான பொருள் எதற்கும் உபயோகப்படக் கூடாது என்பது சபையின் கொள்கை. விருந்துக்குப் போனால் காலிக் கோப்பையைக் கையில் கொடுத்து, தேயிலைத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கிற சித்திரம் மறைந்துவிடும், பார்த்து ரசியுங்கள் என்பார்கள். உட்காரப் போனால், ஐயோ அது பார்க்கிற நாற்காலி என்று தடுப்பார்கள். பசியோடு போனவர்கள் பசியோடும் கால்வலியோடும் திரும்பி வந்து, ரொம்ப நன்றாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வேதமாணிக்கம் அந்தப் பங்களாவின் வாசற்படியை மிதித்ததில்லை. மிதித்தால் மயக்கிவிடுவார்கள் என்று ஒரு பயம்.

ஆகவே கேள்விப்பட்டதை வைத்தே அவர் படம் போட்டார். பதினோரு பேர் வரிசையாக, இடுப்பை ஒடித்து, வலது கையை நெற்றியில் வைத்து மயங்கி நிற்கிறார்கள்; இடது கையில் ஆளுக்கொரு அல்லிப்பூ; எதிரே ஒரு பசுமாடு எந்தப் பூவை முதலில் தின்னலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது; ஓரத்தில், அவர்களை அண்ணாந்து பார்த்து உருகும் ஒரு பெண், அவள் கையிலும் பூ. நல்ல படம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மரக்கட்டையில் செதுக்குகிறவர்கள் முதல் நாளே படிக்கிற பாடம் ஒன்று உண்டு: கட்டையில் இருப்பது காகிதத்தில் திரும்பி விழும், அதனால் வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றித்தான் கட்டையில் வரைய வேண்டும். இருபது வருஷமாகப் பிசகாத அந்தப் பாடம் அந்த வியாழக்கிழமை பிசகியது, காரணம் எதிர்ப் பத்திரிகைக்காரன் ஆள் வைத்து வேவு பார்க்கிறான் என்று அவர் ஒரு கண்ணைக் கதவு மேலேயே வைத்திருந்தார். படத்தை அப்படியே நேராகக் கட்டையில் இறக்கிச் செதுக்கிவிட்டார். கீழே வருகிற எழுத்து தனியாக அச்சுக் கோத்தது, அதனால் எழுத்தும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்திரிகையில் பூ வலது கையில் விழுந்தது, விடிந்தபோது ஊரிலும் வலது கையில் முளைத்தது.

இடது கையில் முளைத்திருந்தால் ஊர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கும். வலது கை என்றதும்தான் சங்கடம். சோறு எந்தக் கையால் தின்பது, மொய் எந்தக் கையால் வைப்பது, பெரியவர்கள் கொடுத்தால் எந்தக் கையால் வாங்குவது? முதல் ஞாயிறு ஒரு கலியாணப் பந்தியில் சபைக்காரர் ஒருவர் இடது கையால் சாம்பார் சோற்றைப் பிசைய, பக்கத்து இலைக்காரர் எழுந்து போக, அவரைப் பார்த்து அந்த வரிசையே எழுந்து போக, பெண் வீட்டுக்காரர் நடுப்பந்தியில் நின்று அழுதார். புதன்கிழமை ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பூ இருக்கிறவரைக்கும் அவர்களுக்கு இடது கையே வலது கை, பூ உதிர்ந்த மறு நிமிஷம் அது மறுபடி இடது கை என்று தீர்ப்புச் சொன்னார்கள். கோயிலில் குருக்கள் விபூதியை நேராகப் பூவின் மேலேயே போட்டார். கோர்ட்டில் சத்தியப் பிரமாணத்துக்கு வலது கையை உயர்த்தச் சொன்னபோது பூவும் சேர்ந்து உயர்ந்தது, ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே நடக்கட்டும் என்றார். பாரிஸ்டர் சுந்தரவதனம் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாமல், சீமையில் படித்த மனுஷர், எழுதப் படிக்கத் தெரியாதவன் போல இடது கையால் ஒரு கீறல் போட்டார்.

அல்லி தண்ணீர்ப் பூ, காயக் கூடாது. அதனால் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஆள் செம்பில் தண்ணீரோடு நடந்தான், நூறு அடிக்கு ஒருமுறை கையை நனைத்தான். பொழுது சாய்ந்தால் பூ விரியும், காலையில் கூம்பும். சாயங்காலம் கடற்கரையில் அவர்கள் வரிசையாக நின்றால் தட்டான்களும் வண்டுகளும் கூடவே வந்தன. சபைக்காரர்கள் இதற்காக அழுதார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. எந்த வேலைக்கும் உதவாத கை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது, அவர்கள் கொள்கை அவர்கள் கையிலேயே முளைத்துவிட்டது. பாரிஸ்டர் ஒரு தட்டு நிறைய மாதுளம்பழத்தோடு வேதமாணிக்கம் வீட்டுக்கு வந்து, “ஓய், நான் பத்து வருஷம் பேசிப் புரியவைக்க முடியாததை நீர் ஒரு வாரத்தில் முடித்துவிட்டீர்,” என்று கும்பிட முடியாமல் தலையை மட்டும் குனிந்தார். வேதமாணிக்கம் பழத்தில் ஏதாவது தடவியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார், பிறகு பூவைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பசை வேலைதான் என்று அவருக்கு நிச்சயம். பாரிஸ்டர் வலியில் கத்த, தண்டின் அடியில் ரத்தம் துளிர்த்தது.

“பசை இல்லைன்னா ஏதோ விதையைத் தின்னிருக்கான்,” என்றார் வேதமாணிக்கம் மார்த்தாளிடம், பாரிஸ்டர் போன பிறகு. “என் கட்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

சபையில் மொத்தம் பதின்மூன்று பேர். கட்டையில் இடம் போதாமல் இரண்டு பேரை வேதமாணிக்கம் விட்டுவிட்டார், அந்த இரண்டு பேருக்கும் பூ முளைக்கவில்லை. அவர்கள் தினமும் காலையில் வந்து வாசலில் நின்று, மாட்டுக்குப் பின்னாலாவது எங்களை ஒரு ஓரமாகச் செதுக்கிவிடுங்கள் என்று மன்றாடினார்கள். இதைப் பார்த்த பிறகாவது மனுஷருக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் இவர்களையும் வேவு பார்க்க வந்தவர்கள் என்று விரட்டினார்.

இதற்குள் ஊருக்கே அவருடைய வியாதி தொற்றிவிட்டது. பூ உள்ள வீடு வேலை செய்யத் தேவையில்லாத வீடு என்று பேர் ஆனதால், சம்பந்தம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளைக்குப் பூ உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். உடனே நூலால் பூவைக் கட்டிக்கொண்டு சிலர் திரிந்தார்கள். திரிந்தவர்களை வழியில் மறித்து இழுத்துப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பியது. பூ இருந்தால் கட்டின பூ என்றார்கள், கை சட்டைப்பைக்குள் இருந்தால் முளைத்த பூவை மறைக்கிறான் என்றார்கள். இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டு நடந்தவனைத்தான் எல்லாரும் ரொம்பச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

இனி அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கிருபை, வேதமாணிக்கத்தின் ஒரே மகள். மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பிரசவம் பார்க்கப் படித்து, பரீட்சையும் தேறி, அடுத்த மாதம் முதல் தேதி மருத்துவச்சியாக வேலைக்குச் சேர இருந்தாள். படுக்கையில் கிடந்து கத்துகிற பொம்பளையின் வயிற்றில் கையை வைத்தால் பிள்ளை எப்படிப் புரண்டு கிடக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும் என்று துரைசானி டாக்டரே சொன்னார், அந்த வார்த்தையை மார்த்தாள் வேதக்கோயிலில் அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்திருந்தாள். சனிக்கிழமையிலிருந்து கிருபை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பதை அப்பா கவனித்தார். காதல் கடுதாசி என்று முடிவு கட்டினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் இடது கையால் சோறு எடுத்ததும் முந்தானையைப் பிடித்து இழுத்தார், பூ வெளியே வந்தது.

“போயிருக்க,” என்றார்.

“எங்கேப்பா?”

“அந்தப் பங்களாவுக்கு. அவங்களோட நின்னு ஜாடியைப் பாத்திருக்க. இல்லைன்னா அவங்களுக்கு முளைச்ச பூ உனக்கு எதுக்கு முளைக்குது?”

“நான் போகலப்பா.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கு எந்த முகத்திலும் அப்படித்தான் தோன்றும்.

கிருபை கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், பூ வாடிவிட்டு மறுநாள் நிமிர்ந்தது. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக் கத்தரியால் தண்டை வெட்டினார், பொழுது சாயும்போது புதுத் தண்டு வந்தது, புதுத் தண்டு வந்த வலியில் கிருபை சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். முதல் தேதிக்குள் கை சரியாகாவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து வேறு ஒருத்தியை வரவழைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். ஊரில் யாரும் இதை வருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கென்னம்மா, பூ முளைத்த கை, இனி ஜமீன் வீட்டிலிருந்து கேட்டு வருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், கண்ணைத் துடைக்க வலது கையைக் கொண்டுபோய்ப் பூவால் முகத்தில் அடித்துக்கொண்டாள்.

முதல் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது மார்த்தாள் அந்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகையைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் விரித்தாள். ஓரத்தில் இருந்த பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

“இது யாரு மூஞ்சி?”

“ஏதோ ஒரு மூஞ்சி. பொம்பளை மூஞ்சி ஒண்ணு வேண்டியிருந்துச்சு, போட்டேன்.”

“நான் பெத்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? இந்தக் காதும் இந்த நெத்தியும் யாருது? எதிர்ல உக்காந்து சாப்பிடுற பிள்ளையைப் பாத்துச் செதுக்கிட்டு, ஏதோ மூஞ்சியாம்.” அவள் குரல் உயரவில்லை. “விடுபட்ட ரெண்டு பேருக்கு முளைக்கலை. பங்களாப் பக்கமே போகாத இவளுக்கு முளைச்சிருக்கு. இதுக்கு மேல உங்களுக்கு என்னங்க சாட்சி வேணும்?”

வேதமாணிக்கம் படத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது கிருபையாகத்தான் இருந்தது. இருபது வருஷத்தில் ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டவர், தன் கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அது இப்போது வந்தது. ஆனாலும் சுபாவம் விடுமா? கட்டை காரணமாக இருக்கலாம், இவள் போயும் இருக்கலாம், இரண்டும் உண்மையாக இருக்கலாமே என்று யோசித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

“கேளு. கட்டையில அந்தப் பூவை நான் சீவி எடுக்க முடியும். எடுத்துட்டு மறுபடி ஒரு தாள் அடிச்சா ஒருவேளை உன் கை சரியாகலாம். ஆனா அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பல்லைக் காட்டினவ கைக்கு நான் உளி எடுக்க மாட்டேன். அது அவளே தேடிக்கிட்டது, அவளே வச்சுக்கட்டும். கர்த்தர் சத்தியமா மாட்டேன். இப்பச் சொல்லு. நீ அங்க போனியா?”

கிருபை நின்றுகொண்டிருந்தாள். பூ கூம்பியிருந்த நேரம்.

“போகலப்பா,” என்றாள்.

அவர் ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். கண், மூக்கு, வாய், எல்லாம் தெரிந்தது, உள்ளே இருப்பது ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அந்த மனுஷருக்கு விளங்கியது, தனக்கு எந்த முகத்திலும் எதுவும் தெரிந்ததே இல்லை, தெரிகிறது என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று. நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அவரிடம் ஒரு துரும்பும் இல்லை. பெற்ற பிள்ளை என்பது மட்டும் இருந்தது.

“சரி,” என்றார். “உக்காரு.”

கட்டையை எடுத்து மேஜையில் மணல் பையின் மேல் வைத்தார். உச்சிப்பொழுது, வாசல் கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. கட்டையில் அவள் கை ஒரு உளுந்து அளவு. தண்டு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கிளம்பியது, விரல் ஒவ்வொன்றும் மயிரிழைக் கோடு. மரத்தில் எடுத்ததை எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. உளி ஒரு இழை விலகினால் பூவோடு விரலும் போய்விடும், கட்டையில் போனது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் போய்விடும். இது மூன்று பேருக்குமே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிருபை கையை நீட்டி மேஜைமேல் வைத்தாள். மார்த்தாள் வேண்டுதல் சொல்ல ஆரம்பித்து, சத்தம் அவர் கையை அசைத்துவிடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

விடுபட்ட சபைக்காரர் இரண்டு பேரும் வழக்கம்போல வந்து வாசலில் நின்று, ஐயா, ஐயா என்று கூப்பிட்டார்கள். வேதமாணிக்கம் தலையைத் தூக்கவில்லை. வெளியே ஒரு வண்டி நின்றது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலையைத் தூக்கவில்லை. இதழ் இதழாக எடுத்தார், பிறகு தண்டை மேலிருந்து கீழே சீவிக்கொண்டு வந்தார், விரலிடுக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார், வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து நின்றதைத் துடைக்கக்கூட இல்லை. முடிந்ததும் கட்டையில் மை தடவி, தாளை விரித்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து எடுத்தார். தாளில் அந்தப் பெண் வெறுங்கையோடு அண்ணாந்து நின்றாள். மேஜைமேல் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மார்த்தாள் பூவை முறத்தில் அள்ளிக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

செய்தி பரவியது. வேதமாணிக்கம் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பங்களா வாசல்வரைக்கும் போய், வேண்டியவர்களுக்கு எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். பதினோரு பேரில் ஒருவரும் வரவில்லை. பாரிஸ்டர் மட்டும் ஆள் விட்டு, கட்டையைப் பத்திரமாக வைத்திரும் ஓய் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் தேதி கிருபை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கே உப்பளத்துக்காரி ஒருத்திக்குப் பிள்ளை கால் முன்னாக வந்து, இரண்டு பேர் கைவிட்ட நேரத்தில் கிருபை உள்ளே கையை விட்டுத் திருப்பி எடுத்தாள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்து, குளித்து, அப்பாவுக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தாள். மார்த்தாள் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். கிருபை சோற்றில் கையை வைத்தவள் எடுத்துக்கொண்டாள்.

“அப்பா, நான் அங்க போயிருந்தேன்.”

மார்த்தாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“ஒரே ஒரு தடவை. நீங்க வாராவாரம் அவங்களைத் திட்டுறீங்களே, அப்படி என்னதான் வச்சிருக்காங்கன்னு பாக்கப் போனேன். அந்த ஜாடியைப் பாத்தேன். அழகாத்தாம்ப்பா இருந்துச்சு.”

வேதமாணிக்கம் ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டதில் ஒன்று கடைசியில் சரியாகப் போயிருக்கிறது, அதைக் கேட்டு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும், அப்படி இருக்கவில்லை.

“அன்னைக்கு எதுக்குப் பொய் சொன்ன?” என்று கேட்டார்.

“போனேன்னு சொல்லியிருந்தா செதுக்கியிருப்பீங்களா?”

செதுக்கியிருப்பேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பெற்ற மகளாச்சே, எப்படி விட்டிருப்பேன் என்று சொல்லிவிடலாம்தான். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தில் இருப்பது எல்லாம் அவளுக்குத் தெரிகிறது என்று அவருக்குப் புரிந்தது.

“மாட்டேன்,” என்றார்.

“அதான்ப்பா,” என்று கிருபை தலையை ஆட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் சோற்றைப் பிசைந்து உருட்டிச் சாப்பிட ஆரம்பித்தாள், பசி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வேதமாணிக்கம் தன் இலையைத் தொடாமல் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணினார், ஐந்தும் இருந்தன. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.